மைக் ஏன் கத்துது? குழந்தை ஏன் பேசல? ஒரு வட்டத்தின் நூறு வருஷக் கதை

1/
மைக் ஏன் "கூய்ய்ய்"னு கத்துது?
ரெண்டு வயசாகியும் ஒரு குழந்தை ஏன் பேசல?

சம்பந்தமே இல்லாத ரெண்டு கேள்வி மாதிரி தெரியும். ரெண்டுக்கும் விடை ஒரே விஷயத்துல இருக்கு. அதோட பேர் ஒலிப் பின்னூட்டம். அதோட வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க, கடைசிப் பகுதி உங்க வீட்டுக் குழந்தைக்கானது.

2/
பின்னூட்டம்னா வெளியே போனது திரும்பி உள்ளே வர்றது.

மைக்ல பேசுறோம். அந்தச் சத்தம் ஆம்ப்ளிஃபயர்ல பெருகி ஸ்பீக்கர் வழியா வெளியே வருது. வந்த சத்தமே மறுபடி மைக்குக்குள்ள போகுது, மறுபடி பெருகுது, மறுபடி வெளியே வருது.

மனுஷனுக்கும் இதே வட்டம் உண்டு. வாய் பேசுது. அந்தப் பேச்சு நம்ம காதுக்கே வருது. மூளை அதைக் கேட்டுக்கிட்டே அடுத்த சொல்லைச் சரிபண்ணுது.

மெஷின்ல இந்த வட்டம் மூடிக்கிட்டா தொல்லை. மனுஷன்ல இந்த வட்டம் அறுந்தா தொல்லை.

3/
ஆச்சரியம் என்னன்னா, ரெண்டு வட்டத்தைப் பத்தியும் முக்கியமான ஆய்வுக் கட்டுரைகள் ஒரே வருஷத்துல, 1911-ல வெளிவந்துச்சு. ஒருத்தர் டென்மார்க் இயற்பியலாளர். இன்னொருத்தர் பாரிஸ் காது-மூக்கு-தொண்டை டாக்டர்.

முதல்ல மெஷின் கதை.

4/
டெலிபோன் வந்த காலத்துலயே இந்த ஊளைச் சத்தம் தெரிஞ்ச விஷயம்தான். கேட்கிற குழாயைப் பேசுற குழாய்க்கு நேரா பிடிச்சா போன் தானாவே கத்தும். பொறியாளர்களுக்கு அது ஒரு தொந்தரவு.

டென்மார்க்கின் சோரன் அப்சலோன் லார்சன் அந்தத் தொந்தரவை ஒரு கருவியா பார்த்தார். மைக்கையும் போனையும் வேணும்னே வட்டமா இணைச்சு, அதிர்வெண்ணை மாத்திக்கக்கூடிய மின்சார அலை உருவாக்கலாம்னு 1911-ல ஒரு ஜெர்மன் மின்பொறியியல் இதழ்ல எழுதினார். பிரான்ஸ், இத்தாலியில இன்னிக்கும் மைக் கத்துறதுக்குப் பேர் "லார்சன் விளைவு".

5/
நாலு வருஷம் கழிச்சு 1915. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவின் நாப்பா ஊர். பீட்டர் ஜென்சன் (இவரும் டென்மார்க்காரர்தான்), எட்வின் பிரிதம்னு ரெண்டு பேர் மைக்கையும் குழாய் ஸ்பீக்கரையும் ஒரே அறையில வச்சு இணைச்சாங்க. வந்தது பேச்சு இல்லை, ஊளை.

என்ன பண்ணாங்க? ஸ்பீக்கரைத் தூக்கிக் கூரை மேல வச்சாங்க. ஊளை நின்னுச்சு. கீழே பேசினது தூரத்துல இருந்தவங்களுக்கும் கேட்டுச்சு. அந்த வருஷம் டிசம்பர் 24 அன்னிக்கு சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் முன்னாடி பெருங்கூட்டத்துக்குப் பேச்சும் பாட்டும் ஒலிபரப்பினாங்க. அவங்க கருவிக்கு வச்ச பேர் "மேக்னவாக்ஸ்". லத்தீன்ல "பெருங்குரல்".

இன்னிக்கும் ஸ்பீக்கரை மேடைக்கு முன்னால தள்ளி, உயரமா கட்டுறோமே, அது அந்தக் கூரையில கத்துக்கிட்ட பாடம்.

6/
நம்ம நாட்டுக்கு வருவோம். காந்தி, நேரு பேசுற பழைய போட்டோக்கள்ல மைக் மேல "சிகாகோ ரேடியோ"ன்னு ஒரு பட்டை இருக்கும், கவனிச்சிருப்பீங்க. பேர்தான் சிகாகோ. நடத்தினது மோத்வானே குடும்பம், நம்ம நாட்டுக் கம்பெனி. 1930கள்ல நானிக் மோத்வானே காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கொண்டுபோய்க் கட்டினார்.

அதுக்கு முன்னாடி? கூட்டத்தோட கடைசி வரிசைக்குக் கேட்கணும்னா தொண்டைதான் ஒரே வழி. எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) மாதிரியான நாடக மேதைகள் உச்ச சுருதியில பாடிப் பேர் வாங்கினது அந்தக் காலத்துலதான். மைக் வந்த பிறகு மெல்லிய குரலும், தணிஞ்ச சுருதியும் மேடை ஏற முடிஞ்சுது.

7/
இப்ப எங்க பக்கம் கல்லங்குறிச்சி. அரியலூர்ல இருந்து ரொம்பப் பக்கம். கலியுக வரதராசப் பெருமாள் கோயில். கருவறையில சிலைக்குப் பதிலா ஒரு கல் தூணையே பெருமாளா கும்பிடுற தலம். ராம நவமியை ஒட்டித் திருவிழா, தேர், பெருங்கூட்டம்.

இந்த மாதிரித் திருவிழாவுல மைக் செட் இல்லாம ஒரு வேலையும் ஓடாது. "பச்சைக் கலர் சட்டை போட்ட நாலு வயசுப் பையன் பந்தல்ல அழுதுக்கிட்டு இருக்கான், பெத்தவங்க உடனே வாங்க"ன்னு ஒரு அறிவிப்பு. சரியா அந்த நேரம் பார்த்துத்தான் "கூய்ய்ய்".

8/
அது ஏன் கண்ணிமைக்கிற நேரத்துல காதைக் கிழிக்குது? ஒரு சின்னக் கணக்கு.

மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் 3.4 மீட்டர் தூரம்னு வைங்க. ஒலி செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அப்ப ஒரு சுத்துக்கு 100-ல் ஒரு செகண்ட். ஒரு செகண்டுல 100 சுத்து.

ஒவ்வொரு சுத்துலயும் சத்தம் 10 சதவீதம் மட்டும் கூடுதுன்னா? கூட்டு வட்டி மாதிரி ஏறும். ஒரு செகண்டுல 13,000 மடங்குக்கு மேல. கந்துவட்டிக்காரன்கூட அவ்வளவு வாங்க மாட்டான். ஆம்ப்ளிஃபயர் தன்னோட எல்லையைத் தொட்டதும்தான் ஏற்றம் நிக்குது.

9/
ஒரு சுத்துல 1 ரூபாய் போய் 99 பைசா திரும்பினா சத்தம் அடங்கிடும். 1 ரூபாய்க்கு மேல திரும்பினா ஊளை. அதுவும் எல்லாச் சுருதியிலும் இல்லை. அலையோட ஏற்றமும் இறக்கமும் ஒண்ணோட ஒண்ணு சரியாப் பொருந்துற சுருதியில மட்டும்தான் வட்டம் வளரும். அதனாலதான் ஊளை எப்பவும் ஒரே ராகமா கேட்குது.

பின்னூட்ட வட்டம் எப்ப நிலையா இருக்கும், எப்ப வெறி பிடிக்கும்ங்கிறதுக்கான கணிதத்தை 1932-ல அமெரிக்காவுல ஹாரி நைக்விஸ்ட் எழுதி வச்சார்.

10/
அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துல மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1964-ல ஒரு தந்திரம் சொன்னார். மைக்ல வர்ற சத்தத்தோட அதிர்வெண்ணை 5 ஹெர்ட்ஸ் அளவுக்கு நகர்த்தி ஸ்பீக்கருக்கு அனுப்புங்க. பேச்சைக் கேட்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா திரும்பி வர்ற சத்தம் ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துடும், ஒரே சுருதியில கூட்டு வட்டி ஏறாது. இதனால ஊளை வராம இன்னும் சில டெசிபல் கூட்டி வைக்க முடிஞ்சுது.

11/
மேடை ஏறுறவங்களுக்கு ரெண்டு டிப்ஸ்.

ஒண்ணு, மைக் கத்தினா அதோட தலையைக் கையால பொத்தாதீங்க. முன்பக்கச் சத்தத்தை மட்டும் வாங்குற மாதிரி செஞ்ச மைக், பொத்தினா எல்லாப் பக்கச் சத்தத்தையும் வாங்க ஆரம்பிச்சுடும். ஊளை கூடும்.

ரெண்டு, வாய் கிட்ட வைங்க. தூரத்தைப் பாதியாக்கினா உங்க குரலோட ஒலியழுத்தம் மைக்ல சுமார் ரெண்டு மடங்காகும். மைக் செட்காரர் வால்யூமைக் குறைச்சுக்கலாம்.

12/
இதே வட்டம் இன்னும் சின்ன இடத்துல ஓடுது. காது மெஷின்.

மைக்கும் ஸ்பீக்கரும் ஒரு சில சென்டிமீட்டர் இடைவெளியில. 50 டெசிபல் பெருக்கம்னா ஒலியழுத்தம் சுமார் 300 மடங்கு. அதுல 300-ல் ஒரு பங்கு வெளியே கசிஞ்சு மைக்குக்குத் திரும்பினாலே விசில் அடிக்கும். "மெஷின் கத்துதுப்பா, வேணாம்"னு எத்தனை தாத்தா பாட்டி அதைக் கழட்டிப் பெட்டியில போட்டிருக்காங்க!

1990கள்ல வந்த டிஜிட்டல் நுட்பம், கசியுற சத்தத்தை மெஷினே கணிச்சுக் கழிச்சுடுது. ஆனாலும் அச்சு லூசா இருந்தாலோ, காதுல குறும்பி அடைச்சிருந்தாலோ விசில் வரும். ஆக, மெஷின் கத்தினா பெட்டியில போடாதீங்க. காதைக் காட்டுங்க, அச்சைச் சரிபண்ணுங்க. வளர்ற குழந்தைக்குக் காதும் வளரும், அச்சை அடிக்கடி மாத்தணும்.

13/
இப்ப மனுஷ வட்டம்.

அதே 1911. பாரிஸ்ல லாரிபோசியேர் மருத்துவமனை டாக்டர் எட்டியென் லொம்பார்ட். நோயாளியைப் பேச விட்டுக்கிட்டே காதுல இரைச்சல் கருவியை வைப்பார். இரைச்சல் ஆரம்பிச்ச உடனே நோயாளியோட குரல் தானா உயரும். நிறுத்தினதும் தானா இறங்கும். நோயாளிக்கே தான் கத்தினது தெரியாது.

தன் குரல் தனக்குக் கேட்கலைன்னா மூளை, கேட்காமலே வால்யூமைக் கூட்டுது. இதுக்குப் பேர் "லொம்பார்ட் விளைவு". பறவைகளுக்கும் திமிங்கலங்களுக்கும்கூட இது இருக்கு.

14/
இதுல ஒரு மருத்துவத் தந்திரமும் இருக்கு. "எனக்குக் காது சுத்தமா கேட்கல"ன்னு பொய் சொல்றவரைக் கண்டுபிடிக்கலாம். அவர் படிச்சுக்கிட்டு இருக்கும்போது அந்தக் காதுல இரைச்சல் கொடுங்க. உண்மையிலேயே கேட்காதவர் குரல் மாறாது. கேட்கிறவர் குரல் ஏறிடும். வாய் பொய் சொல்லலாம், வட்டம் சொல்லாது.

15/
கல்லங்குறிச்சியைச் சுத்திச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். அரியலூர் மாவட்டம் முழுக்க சிமெண்ட் ஆலைகள், டிப்பர் லாரிகள். இந்த மாதிரி இடங்கள்ல வேலை பார்க்கிறவங்களுக்கு லொம்பார்ட் விளைவே இலவச மீட்டர். ஒரு கை நீட்டுற தூரத்துல நிக்கிறவர்கிட்ட கத்திப் பேச வேண்டியிருந்தா, இரைச்சல் சுமார் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். தினம் 8 மணி நேரம் அதுல நின்னா காது போகும்.

முதல்ல போறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தம். பேச்சு கேட்கும், சொல் புரியாது. வீட்டுல டிவி வால்யூம் ஏறும். காதடைப்பான் கொடுத்தா போடுங்க. கொடுக்கலைன்னா கேட்டு வாங்குங்க.

16/
1950-ல அமெரிக்காவின் பெர்னார்ட் லீ இன்னொரு சோதனை வெளியிட்டார். ஒருத்தர் பேசுறதை டேப்ல பதிவு பண்ணி, சுமார் 0.2 செகண்ட் தாமதமா அவர் காதுக்கே திருப்பிக் கொடுத்தார். நல்லா சரளமா பேசுறவங்க திக்க ஆரம்பிச்சாங்க. சொல் இழுபட்டுச்சு, எழுத்து ரெண்டு தடவை வந்துச்சு. இதை அவர் "செயற்கைத் திக்குவாய்"னு சொன்னார்.

போன்ல நம்ம குரலே தாமதமா திரும்பிக் கேட்கும்போது நாம தடுமாறுறோமே, அதேதான். வேடிக்கை என்னன்னா, ஏற்கெனவே திக்குறவங்கள்ல சிலருக்கு இதே தாமதம் பேச்சைச் சரளமாக்குது. அதை வச்சுக் கருவிகளும் வந்திருக்கு.

17/
0.2 செகண்டுன்னா ஒலி 68 மீட்டர் போற நேரம். தேரோடும் வீதியில 70 மீட்டர் தள்ளிக் கட்டின குழாயிலிருந்து பேச்சாளரோட குரல் அவருக்கே திரும்பி வர்றது ஏறக்குறைய இந்த இடைவெளியிலதான். நம்ம மேடைப் பேச்சாளர்கள் சொல்லை நிறுத்தி, இழுத்துப் பேசப் பழகினதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்குத் தோணும். இது என் ஊகம்தான்.

18/
ஆக லொம்பார்டும் லீயும் காட்டினது என்ன? பேச்சு வாயோட வேலை மட்டும் இல்லை. 0.2 செகண்ட் தாமதமானாலே பெரியவங்களுக்குப் பேச்சு குழறுதுன்னா, பிறந்ததுல இருந்தே தன் குரலைக் கேட்காத குழந்தைக்கு?

19/
காது கேட்கிற குழந்தை 6 முதல் 10 மாசத்துக்குள்ள "பாபாபா, மாமாமா"ன்னு அசை அசையா மழலை பேச ஆரம்பிக்கும். அது சும்மா விளையாட்டு இல்லை. தானே சத்தம் போட்டு, தானே கேட்டு, தானே திருத்திக்கிற பயிற்சி. காது கேட்காத குழந்தைகளுக்கு இந்த அசை மழலை ரொம்பத் தாமதமா வருதுன்னு ஆலர், ஐலர்ஸ் 1988-ல காட்டினாங்க.

இதுல ஏமாற்றுற விஷயம் ஒண்ணு இருக்கு. ஆரம்ப மாசங்கள்ல காது கேட்காத குழந்தையும் அழும், சிரிக்கும், "ஆ, ஊ"ன்னு சொல்லும். வீட்டுல யாருக்கும் சந்தேகமே வராது.

20/
ஓபி-யில நாங்க அடிக்கடி கேட்கிறது:
"நாக்கு ஒட்டியிருக்கு போல, வெட்டி விடுங்க."
"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம்."
"வசம்பு உரசி நாக்குல தடவிப் பார்த்தாச்சு."
"தட்டைத் தட்டினா திரும்புறானே, காது நல்லாத்தான் கேட்குது."

எல்லாரும் நாக்கைப் பார்க்கிறாங்க. பார்க்க வேண்டியது காதை. தட்டுச் சோதனையை நம்பாதீங்க. அதிர்வு தெரிஞ்சோ, நிழல் அசையுறதைப் பார்த்தோ குழந்தை திரும்பும். கொஞ்சம் கேட்கிற குழந்தை பெரிய சத்தத்துக்குத் திரும்பும், ஆனா பேச்சுல இருக்கிற மெல்லிய ஒலிகள் அதுக்குக் கேட்காது.

21/
பேசவே தெரியாத பச்சைக் குழந்தைகிட்ட "கேட்குதா?"ன்னு எப்படிக் கேட்கிறது? இதுக்கு விடை கொடுத்ததும் பின்னூட்டம்தான்.

1948. இங்கிலாந்துல தாமஸ் கோல்டு. போர்க்காலத்துல ரேடார் வேலை பார்த்தவர். உள்காதான நத்தைக்கூடு முழுக்கத் திரவம். வீணையைத் தண்ணிக்குள்ள வச்சு மீட்டுற மாதிரிதான் அது அதிரும். அப்புறம் எப்படி நம்மால ஒவ்வொரு சுரத்தையும் இவ்வளவு துல்லியமா பிரிக்க முடியுது?

அவர் சொன்ன விடை: காதுக்குள்ளயே ஒரு பின்னூட்டப் பெருக்கி இருக்கணும், ரேடியோவுல இருக்கிற மாதிரி. அப்படி இருந்தா காதும் சில சமயம் மைக் மாதிரி தானா ஒலி எழுப்பணும்.

22/
யாரும் பெருசா எடுத்துக்கல. அப்போ காது ஆராய்ச்சியில பெரிய பேர் ஜார்ஜ் வான் பெக்கேசி. 1961-ல நோபல் பரிசு வாங்கினவர். அவர் உள்காது அதிர்வைப் பார்த்தது பெரும்பாலும் இறந்தவங்க காதுல. உயிர் போன காதுல அந்தப் பெருக்கி வேலை செய்யாதே!

30 வருஷம் கழிச்சு 1978-ல லண்டன்ல டேவிட் கெம்ப் காதுக்குள்ள குட்டி மைக்கை வச்சு, ஒரு "டிக்" ஒலி கொடுத்தார். சில மில்லி செகண்ட் கழிச்சுக் காது பதிலுக்கு ஒலி எழுப்புச்சு. கோல்டு சொன்னது சரி. பலரோட நல்ல காது எந்தத் தூண்டுதலும் இல்லாமலே மெல்லிசா ஒரு சுருதி எழுப்புது. அதுவும் ஒரு குட்டி "கூய்"தான்.

23/
கெம்ப் கண்ட அந்த ஒலிதான் இன்னிக்குப் பச்சைக் குழந்தைக்குச் செய்யுற ஓஏஇ பரிசோதனை. தூங்குற குழந்தை காதுல ஒரு சின்ன முனையை வைப்பாங்க. அதுக்குள்ளயே ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிஷம். காது பதில் சொன்னா "பாஸ்", சொல்லலைன்னா "ரெஃபர்".

ரெஃபர்னு வந்தா பயந்துடாதீங்க. பிறந்த புதுசுல காதுல இருக்கிற அழுக்கோ திரவமோகூடக் காரணமா இருக்கலாம். ஆனா மறுபரிசோதனைக்குக் கட்டாயம் போகணும். அதுலயும் வரலைன்னா பெரா பரிசோதனை. எடை குறைஞ்சு பிறந்து இன்குபேட்டர்ல இருந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை இவங்களுக்கு ஓஏஇ பாஸ் ஆனாலும் பெராவும் பார்க்கிறது நல்லது. சில நரம்புக் கோளாறு ஓஏஇ-யில தெரியாது.

24/
ஞாபகம் வச்சுக்க மூணு எண்: 1, 3, 6.
1 மாசத்துக்குள்ள பரிசோதனை.
3 மாசத்துக்குள்ள உறுதி செய்யுறது.
6 மாசத்துக்குள்ள காது மெஷின், பயிற்சி ஆரம்பிக்கிறது.

6 ஏன்? 1998-ல யோஷினாகா-இட்டானோ குழுவினர் கொலராடோவுல காது கேட்காத 150 குழந்தைகளைப் பார்த்தாங்க. 6 மாசத்துக்குள்ள கண்டுபிடிச்ச குழந்தைகளோட மொழித் திறன், அதுக்கு அப்புறம் கண்டுபிடிச்ச குழந்தைகளை விடத் தெளிவா மேல இருந்துச்சு. மூளையில மொழிக்கான இடம் காலியா காத்துக்கிட்டே இருக்காது.

உலக அளவுல 1,000 குழந்தைக்கு 1 முதல் 3 குழந்தை காது கேட்காம பிறக்குது. நெருங்கின சொந்தத்துல கல்யாணம் பண்ற குடும்பங்கள்ல இந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

25/
எங்கே போகணும்? பிரசவம் ஆன மருத்துவமனையில "காது டெஸ்ட் பண்ணியாச்சா?"ன்னு முதல்ல கேளுங்க. பண்ணலைன்னா மாவட்ட அரசு மருத்துவமனையில இருக்கிற ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தை விசாரிங்க. அரசு மருத்துவமனையில இதுக்குக் காசு இல்லை. மெஷின் பத்தாத குழந்தைகளுக்கு, 6 வயசுக்குள்ள இருந்தா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கு. 6 வயசு இருக்கேன்னு காத்திருக்காதீங்க. அது கடைசி எல்லை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அறுவை சிகிச்சையோட வேலை முடியாது. அதுக்கப்புறம் மாசக்கணக்குல பேச்சுப் பயிற்சி, வீட்டுல தினமும் பேச்சு. அறுந்த வட்டத்தை மெஷின் இணைக்கும். அதைச் சுத்த வைக்கிறது அம்மா அப்பா பேச்சுதான்.

26/
இன்னொண்ணு. "ஊமை"ங்கிற சொல்லை விட்டுடுவோம். பெரும்பாலும் அந்தக் குழந்தைகளுக்குக் குரல் நாண், நாக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேச்சு வராதவங்களுக்குச் சைகை மொழி இருக்கு, அதுவும் இலக்கணம் உள்ள முழு மொழி. எந்த மொழியும் இல்லாம ஒரு குழந்தையோட முதல் வருஷங்கள் போறதுதான் உண்மையான இழப்பு.

27/
வீட்டுல குழந்தை இருந்தா இதை மட்டும் பாருங்க:
6 மாசத்துல சத்தம் வர்ற பக்கம் திரும்புதா?
10 மாசத்துல "பாபா, தாதா"ன்னு அசை சேர்த்துச் சொல்லுதா?
ஒன்றரை வயசுல சில சொற்கள் வந்துச்சா?
ரெண்டு வயசுல "அம்மா வா"ன்னு ரெண்டு சொல் சேருதா?

ஒண்ணுல சந்தேகம் வந்தாலும் "போகப் போகச் சரியாயிடும்"னு விடாதீங்க. அடுத்த வாரமே காதைக் காட்டுங்க. கர்ப்பிணிகள் இருக்கிற வீடு, புதுக் குழந்தை பிறந்த வீடு எதுவா இருந்தாலும் இந்த இழையை அவங்களுக்கு அனுப்பி விடுங்க.